மீட்டர் கண்ணாடியின் கீறலும் நம் நாணயமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

தொழுகையைப் பற்றியும் நோன்பைப் பற்றியும் எழுத வேண்டிய ஒருவன், ஸ்கூட்டரின் மீட்டர் கண்ணாடியைப் பற்றி எழுத வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் பள்ளிவாசலுக்குள் நாம் காட்டும் பேணுதல், பள்ளிவாசலின் வாசலில் நிறுத்தியிருக்கும் நம் வண்டியையும் தொட வேண்டும் அல்லவா? உளூச் செய்யும்போது ஒரு நகக்கண் அளவு இடம் நனையாமல் போய்விடுமோ என்று அஞ்சுகின்ற நாம், வண்டியை விற்கும்போது நாற்பதாயிரம் கிலோமீட்டரை மறைப்பதற்கு அஞ்சுவதில்லை. இந்த முரண்பாடு என் முகத்திலேயே வந்து அறைந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுகின்றேன்.

என் ஸ்கூட்டருக்கு ஒன்பது வயது. மக்தபுக்கும் வீட்டுக்கும், ஜனாஸாவுக்கும் நிக்காஹுக்கும் என்னைச் சுமந்து சென்ற வண்டி. சில மாதங்களுக்கு முன், என்னிடம் ஓதும் சிறுவன் ஒருவன், உஸ்தாதுக்குக் கித்மத் செய்யும் நல்லெண்ணத்தில், வண்டியில் படிந்திருந்த புழுதியைத் துடைத்தான். கையில் அகப்பட்டது பாத்திரம் தேய்க்கும் பச்சை நார். வண்டி பளிச்சென்று ஆயிற்று. மீட்டர் கண்ணாடி மட்டும் பனி படர்ந்ததுபோல் ஆகிவிட்டது. இரவில் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் பட்டால் முள்ளும் தெரியாது, எண்ணும் தெரியாது. பையனை நான் கடிந்துகொள்ளவில்லை. அவனுடைய நிய்யத் நல்லது, நார்தான் தவறு.

வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு சென்றேன். அதை நடத்துபவர் என்னிடம் ஓதிய பழைய மாணவர். கண்ணாடியை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஹஸ்ரத், இதுக்கு கண்ணாடி மட்டும் தேடிக்கிட்டு இருக்க வேணாம். மீட்டர் செட்டையே மாத்திடலாம். ரெண்டாயிரத்து எண்ணூறு ஆகும். ஆனா உங்களுக்கு லாபந்தான். இப்ப அறுபத்தோராயிரம் ஓடியிருக்கு. புதுசுல நான் பதினெட்டாயிரம்னு வச்சுத் தர்றேன். விக்கிறப்ப பத்தாயிரம் ரூபாய் கூடவே கிடைக்கும். ஹஸ்ரத் வண்டின்னா யாரு கேள்வி கேக்கப் போறாங்க?”

சகோதரர்களே, அந்தக் கடைசி வாக்கியத்தை மீண்டும் ஒரு முறை படியுங்கள். என் தாடியும் தொப்பியும் ஒரு பொய்க்குச் சாட்சியாக நிற்கும் என்று அவர் கணக்கிட்டுவிட்டார். அதைவிடக் கொடுமை என்னவென்றால், ஒரு கணம் நானும் கணக்கிட்டேன். இரண்டாயிரத்து எண்ணூறு கொடுத்தால் பத்தாயிரம் என்று என் மனம் கூட்டிப் பார்த்தது. அந்த ஒரு கணத்திற்காக இன்றும் இஸ்திக்ஃபார் செய்துகொண்டிருக்கின்றேன்.

பிறகுதான் நினைவுக்கு வந்தது: இந்த இளைஞருக்கு அம்ம ஜுஸ்வை ஓதிக்கொடுத்தவன் நான்தான். அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் அல்முதஃப்ஃபிஃபீன் அத்தியாயத்தை ஒரு ஹர்ஃபும் பிசகாமல் ஓதக்கூடியவர் அவர். எங்கே நீட்ட வேண்டும், எங்கே குன்னா செய்ய வேண்டும் என்பதையெல்லாம் கற்றுக்கொடுத்தேன். பொருளும் சொன்னேன். தராசைப் பற்றியும் படியைப் பற்றியும் சொன்னேன். வண்டியின் மீட்டரும் ஓர் அளவைதான் என்று நான் சொல்லவே இல்லை. அன்று சொல்லாமல் விட்டதை இன்று எல்லாருக்குமாகச் சொல்கின்றேன்.

கீறல் விழுந்தது எதில்?

முதலில் வண்டியைப் பார்ப்போம். மார்க்கத்தைப் பிறகு பார்ப்போம். நாம் ‘மீட்டர் கண்ணாடி’ என்று சொன்னாலும் அது கண்ணாடி அன்று. பெரும்பாலான வண்டிகளில் அது அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட் என்னும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். உடைந்தாலும் கூரிய சில்லாகத் தெறிக்காது என்பது அதன் நன்மை. எளிதில் கீறல் விழும் என்பது அதன் பலவீனம். புழுதி படிந்திருக்கும்போது உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். அந்தப் புழுதியில் உள்ள மணல் துகள்கள்தாம் உப்புத்தாளாக மாறிக் கீறுகின்றன. ஆகவே நாம் காணும் கீறல்களில் பெரும்பாலானவை விபத்தினால் வந்தவை அல்ல. நாம் துடைத்த விதத்தினால் வந்தவை.

அக்ரிலிக்குக்கு ஓர் அருங்குணம் உண்டு. அதன் மேற்பரப்பைப் படிப்படியாக மென்மையான தாளால் தேய்த்து மெருகேற்றினால் மீண்டும் தெளிவு பெறும். 1933-இல் ஜெர்மனியில் ‘பிளெக்ஸிகிளாஸ்’ என்ற பெயரில் இது சந்தைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின் போர் விமானங்களில் விமானியின் தலைக்கு மேலிருந்த கூடு இதனால்தான் செய்யப்பட்டது. இன்றும் பயணிகள் விமானங்களின் ஜன்னல்கள் அக்ரிலிக்கால் ஆனவை. அவற்றில் கீறல் விழுந்தால், குறிப்பிட்ட ஆழத்திற்குள் இருக்கும்வரை, தேய்த்து மெருகேற்றி மீண்டும் பயன்படுத்துகின்றார்கள். உம்ராவுக்குச் செல்லும்போது முப்பதாயிரம் அடிக்கும் மேலான உயரத்தில் நாம் நெற்றியை ஒட்டி வைத்து வெளியே பார்க்கும் ஜன்னலும் அவ்வாறு மெருகேற்றப்பட்டதாக இருக்கலாம். விமானத்திற்குப் போதுமான வைத்தியம், தெருமுனைக் கடைக்குச் செல்லும் ஸ்கூட்டருக்குப் போதாதா?

எவ்வாறு சரிசெய்வது?

நான் செய்ததை அப்படியே எழுதுகின்றேன். யாரும் வீட்டில் செய்யக்கூடியதே.

முதலில் தண்ணீரை மெல்ல ஊற்றிப் புழுதியைக் கழுவ வேண்டும். சிறிதளவு ஷாம்பு போதும். அடுத்து விரல் நகத்தைக் கீறலின் குறுக்கே நகர்த்திப் பாருங்கள். நகம் எங்கும் தட்டாமல் வழுக்கிச் சென்றால் அது மேலோட்டமான கீறல். பிளாஸ்டிக்குக்கென விற்கும் பாலிஷைச் சிறிதளவு மென்மையான மைக்ரோஃபைபர் துணியில் எடுத்து, வட்டமாக, அழுத்தாமல் தேய்த்தாலே பெருமளவு மறைந்துவிடும். மிக மெல்லிய கீறலுக்கு வெள்ளை நிறப் பற்பசைகூட ஓரளவு உதவும்.

நகம் தட்டினால் கீறல் ஆழமானது. அப்போது சுற்றிலும் உள்ள பாகங்களில் டேப் ஒட்டிவிட்டு, 1500 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். பிறகு 2000, அதன்பின் 3000. ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால், முந்தைய தாளின் கோடுகள் போய்விட்டனவா என்பது தெரியும். இடையில் கண்ணாடி முழுவதும் வெண்மையாக மங்கிப்போகும், பயந்துவிடாதீர்கள். இறுதியில் பாலிஷ் போடும்போது தெளிவு திரும்பும். தாள் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். ஆனால் மீட்டரின் இடுக்குகளில் தண்ணீர் இறங்கக் கூடாது. டிரில் மெஷினில் பஞ்சை மாட்டி வேகமாகத் தேய்க்கவும் கூடாது. சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடும். பெட்ரோல், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் ஆகியவற்றை அருகிலேயே கொண்டுவராதீர்கள். அவை பிளாஸ்டிக்கினுள் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. புதிய வண்டிகளில் வரும் சில டிஜிட்டல் திரைகளின் மேல், ஒளி கூசாதிருக்கவோ கீறல் விழாதிருக்கவோ ஒரு பூச்சு இருக்கும். அதைத் தேய்த்தால் பூச்சு உரிந்து நிலைமை மோசமாகும். ஆதலால் கண்ணுக்குப் படாத ஓரத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள், ஐயமிருந்தால் விட்டுவிடுங்கள்.

எனக்கு ஆன செலவு இருநூற்று முப்பது ரூபாய். நேரம், அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்டது. எல்லாக் கீறலும் போயிற்றா என்றால் இல்லை. சாய்ந்த வெயிலில் பார்த்தால் இரண்டு கோடுகள் இன்னும் தெரிகின்றன. ஆனால் இரவில் முள் தெரிகின்றது, எண் தெரிகின்றது. மீட்டர் கண்ணாடியின் வேலை அவ்வளவுதான்.

நம் காசு, நம் விருப்பமா?

“ஹஸ்ரத், என் காசு, என் வண்டி. இருநூறு செலவழித்தால் என்ன, மூவாயிரம் செலவழித்தால் என்ன?” என்று கேட்போர் உண்டு. இந்தக் கேள்வியிலேயே தவறு இருக்கின்றது. செல்வம் நம்முடையது அன்று, அது அமானிதம். அதைச் சம்பாதித்த வழியைப் பற்றி மட்டுமல்ல, செலவழித்த வழியைப் பற்றியும் மறுமையில் கேள்வி உண்டு என்பதை நாம் மேடைதோறும் கேட்டிருக்கின்றோம். வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று திருக்குர்ஆன் பதினேழாவது அத்தியாயத்தில் எச்சரிக்கின்றது. இந்த வசனத்தைக் கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டுமே நாம் ஒதுக்கி வைத்துவிட்டோம். மீதமான பிரியாணியைக் கண்டால் நினைவுக்கு வரும் வசனம், முள்ளும் பல்புகளும் சக்கரங்களும் நன்றாக இயங்கும் ஒரு முழு மீட்டரைக் குப்பையில் எறியும்போது ஏன் நினைவுக்கு வருவதில்லை?

நபி (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே செப்பனிட்டார்கள், தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இதை எளிமைக்கு எடுத்துக்காட்டாக நாம் சொல்கின்றோம், கேட்போர் கண்கலங்குகின்றார்கள். பயான் முடிந்து வெளியே வந்ததும், கீறல் விழுந்த பொருளை வைத்திருப்பது கௌரவக் குறைவு என்று பேசுகின்றோம். சுன்னத்தை உச்சி முகர்ந்துவிட்டு ஊசியை எடுக்க மறுக்கின்றோம். செப்பனிடுதல் ஏழையின் கட்டாயம் அன்று, முஃமினின் பண்பு.

இதில் மெக்கானிக்கை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. தேய்த்துச் சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆகும்; அதற்கு இருநூறு ரூபாய் கூலி கேட்டால் நாமே முகம் சுளிப்போம். மீட்டர் செட்டை மாற்றப் பதினைந்து நிமிடம். அதற்கு மூவாயிரம் கேட்டால் “புதுசு போட்டாச்சு” என்று மகிழ்ச்சியோடு கொடுப்போம். உழைப்புக்குக் கொடுக்க மனமில்லாமல் பொருளுக்கு மட்டும் வாரி இறைப்பவர்கள் நாம்தாம். சில தயாரிப்பாளர்களும் மேல் மூடியைத் தனியே விற்பதில்லை; முழு மீட்டராகவே வாங்கச் சொல்கின்றார்கள். பழுது நீக்கிப் பயன்படுத்தும் நுகர்வோர் உரிமையைப் பற்றி நம் ஒன்றிய அரசே 2022-இல் ஒரு குழுவை அமைத்தது. அதன் வரம்பில் வாகனங்களும் இருந்தன. அரசு வாயில்வரை வந்து தட்டிய ஒரு நற்பண்பை, அதைப் பதினான்கு நூற்றாண்டுகளாகக் கையில் வைத்திருக்கும் சமுதாயம் மறந்திருப்பது வெட்கத்திற்குரியது.

மீட்டரும் ஓர் அளவைதான்

வீண்விரயம் ஒரு பாவம் என்றால், அதன் பின்னால் ஒளிந்துகொண்டு வருவது அதைவிடப் பெரியது. அது பிறர் உரிமை.

ஒரு வண்டி எவ்வளவு ஓடியிருக்கின்றது என்பதை மீட்டர் அளந்து காட்டுகின்றது. செகண்ட்ஸ் வண்டி வாங்குபவர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் விலை பேசுகின்றார். பழைய வகை மீட்டர்களில் எண்கள் சிறு சக்கரங்களில் இருக்கும். பல டிஜிட்டல் மீட்டர்களில் அது மீட்டருக்குள்ளேயே உள்ள ஒரு மெமரி சிப்பில் பதிந்திருக்கும். எவ்வகையாயினும் மீட்டர் செட்டை மாற்றினால் பழைய கணக்கு போய்விடுகின்றது. கீறல் விழுந்த கண்ணாடியை மாற்றுகின்றோம் என்று சொல்லி, உண்மையில் நாம் மாற்றுவது வண்டியின் வயதை. தராசில் பத்துக் கிராமைக் குறைக்கும் கடைக்காரரை ‘ஹராம் தின்கிறவர்’ என்று ஏசுகின்றோம். ஒரே வியாபாரத்தில் நாற்பதாயிரம் கிலோமீட்டரைக் குறைப்பவரைக் ‘கெட்டிக்காரர்’ என்கின்றோம். அல்முதஃப்ஃபிஃபீன் அத்தியாயம் இந்த இருவரில் யாரைப் பற்றிப் பேசவில்லை என்று நினைக்கின்றீர்கள்?

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்டுபிடித்த நிகழ்ச்சி நம் குழந்தைகளுக்கும் தெரியும். மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். அது பொய்யன்று, மழை பெய்ததென்னவோ உண்மைதான். நனைந்ததற்காக அவர் கண்டிக்கப்படவில்லை; நனைந்ததை உள்ளே வைத்து உலர்ந்ததை மேலே பரப்பியதற்காகக் கண்டிக்கப்பட்டார். மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற கடுமையான அறிவிப்பு அங்கேதான் வெளிப்பட்டது. உங்கள் வண்டி அறுபதாயிரம் ஓடியது குற்றமன்று. அதன் மேல் பதினெட்டாயிரத்தைப் பரப்புவதுதான் குற்றம்.

இன்னும் நெருக்கமான முன்மாதிரி ஒன்று ஃபிக்ஹு நூல்களில் உண்டு. ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்பதற்கு முன் பால் கறக்காமல் விட்டு, மடி நிறைந்திருப்பதுபோல் காட்டி விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ‘தஸ்ரியா’ என்று இதற்குப் பெயர். ஏமாந்து வாங்கியவர் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீச்சம்பழத்தோடு திருப்பிக் கொடுக்கலாம் என்று ஹதீஸில் வருகின்றது. ஷாஃபிஈ மத்ஹப் இதை அப்படியே எடுத்துக்கொள்கின்றது. திருப்பிக் கொடுக்கும் முறையில் ஹனஃபி அறிஞர்களுக்கு வேறு கருத்து உண்டு. எனினும் அச்செயல் ஏமாற்று என்பதிலும் பாவம் என்பதிலும் எவருக்கும் ஐயமில்லை. வாயால் ஒரு சொல்லும் பொய் சொல்லாமல், பொருளையே பொய் சொல்ல வைக்கும் தந்திரம் அது. மீட்டரைத் திருப்பி வைப்பது நம் காலத்துத் தஸ்ரியா அன்றி வேறென்ன?

இது பணத்தோடு முடிவதும் இல்லை. எஞ்சின் ஆயிலையும், ஸ்கூட்டரின் டிரைவ் பெல்ட்டையும், பிரேக் ஷூவையும் எப்போது மாற்ற வேண்டும் என்பது ஓடிய தூரத்தைக் கொண்டே கணக்கிடப்படுகின்றது. பதினெட்டாயிரம்தான் ஓடியிருக்கின்றது என்று நம்பியவர், பெல்ட்டுக்கு இன்னும் காலம் இருக்கின்றது என்று எண்ணிக்கொண்டிருப்பார். மனைவியையும் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு பைபாஸில் செல்லும்போது அந்தப் பெல்ட் அறுந்தால், பின்னால் லாரி வந்துகொண்டிருந்தால், அந்தப் பத்தாயிரம் ரூபாய் எதைக் கழுவும்?

சொல்லப்படும் சாக்குகள்

“அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை” என்பது முதல் சாக்கு. குறையைச் சொல்வது, கேட்டால் மட்டும் செய்யும் உபகாரம் அன்று. விற்பவர் மீதுள்ள கடமை. வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவர்களுடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும், மறைத்தால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்ற கருத்துடைய ஹதீஸை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளார்கள். கூஃபாவில் துணி வியாபாரம் செய்துவந்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூட்டாளி, குறையுள்ள ஒரு துணியைக் குறையைச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. விற்ற பணம் முழுவதையும் இமாம் அவர்கள் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்த வாடிக்கையாளரும் கேட்கவில்லை. கூட்டாளி மறந்துதான் விட்டார். நாமோ நினைவோடு, கூலி கொடுத்து மறைக்கின்றோம்.

“எல்லாரும் செய்கிறார்கள், வாங்குபவருக்கும் தெரியும்” என்பது இரண்டாம் சாக்கு. தெரியும் என்றால் மாற்றி வைப்பானேன்? அவர் நம்புவார் என்பதால்தான் மாற்றுகின்றீர்கள். உலகமே செய்கின்றது என்பதும் உண்மையன்று. அமெரிக்காவில் 1972-இலேயே இதைத் தடுக்கச் சட்டம் வந்தது. அங்கே பழுது காரணமாக மீட்டரை மாற்றி, பழைய எண்ணை வைக்க இயலாவிட்டால், புதியதைச் சுழியத்தில் வைத்து, முன்பு எவ்வளவு ஓடியது, எந்த நாளில் மாற்றப்பட்டது என்பதை எழுதி ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். ஜெர்மனியில் மீட்டரைத் திருத்துவது 2005 முதல் தனிக் குற்றம். பெல்ஜியத்தில் 2006 முதல் பழைய கார் விற்கும்போது, அது ஓடிய தூரத்தின் பதிவைக் காட்டும் ‘கார் பாஸ்’ என்னும் சான்றைக் கொடுக்க வேண்டும். நம் நாட்டிலும் ஏமாற்றுதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவின்கீழ் குற்றமே. வியாபாரியிடம் வாங்கி ஏமாந்தவர் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையிடலாம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கின்றது. ஈமான் இல்லை என்று நாம் சொல்லும் நாடுகள் கதவில் எழுதி ஒட்டுகின்றன. ஈமான் உள்ள நாம் அழித்து எழுதுகின்றோம்.

“நம் ஆட்கள் பலர் கன்சல்டிங் வைத்திருக்கிறார்கள், பழைய உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார்கள், அவர்கள் பிழைப்பைக் கெடுக்காதீர்கள்” என்பது மூன்றாம் சாக்கு. நான் அவர்களுடைய பிழைப்பைக் காக்கத்தான் எழுதுகின்றேன். சென்னை புதுப்பேட்டையில் ஒரு பழைய மீட்டரைக் கழற்றி, துடைத்து, வேறொரு வண்டிக்குக் கொடுப்பவர் பொருளுக்கு மறுவாழ்வு கொடுக்கின்றார்; அது நல்ல தொழில். செகண்ட்ஸ் வண்டியை உள்ளது உள்ளபடி சொல்லி விற்பவர், புதிய வண்டி வாங்க முடியாத குடும்பத்திற்கு வாசலைத் திறந்து வைக்கின்றார். அதுவும் நல்ல தொழில். இவ்விரண்டையும் கெடுப்பது அந்த எண்ணைத் திருத்தும் கை ஒன்றுதான்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

மீட்டரை ஒருபோதும் மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கண்ணாடி வெடித்திருந்தால், அதன் வழியே மழைநீர் இறங்கினால், உள்ளே நுண்ணிய வெடிப்புகள் பரவி எண் தெரியாமல் போனால், தேய்ப்பது பயன்தராது. வேகமானி தெரியாமல் ஓட்டுவது நமக்கும் பிறருக்கும் ஆபத்து. அப்போது மாற்றுவது வீண்விரயம் அன்று, கடமை. ஆனால் வரிசை முக்கியம். முதலில் மேல் மூடி மட்டும் தனியே கிடைக்கின்றதா என்று விசாரியுங்கள். சில மாடல்களுக்குக் கிடைக்கின்றது. கிடைத்தால் பழைய மீட்டரும் பழைய கணக்கும் அப்படியே இருக்கும். கிடைக்காவிட்டால் மட்டும் முழு செட்டை மாற்றுங்கள்.

மாற்றும் நாளில் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். பழைய மீட்டரின் எண் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எண்ணையும் தேதியையும் பில்லில் எழுதச் சொல்லி, ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை விற்கும் நாளில், வாங்குபவர் கேட்பதற்கு முன்பே அதை எடுத்து அவர் கையில் கொடுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. இந்த ஒரு வரியை எழுதுவது நமக்குப் பாரமா?

வாங்குபவர்களுக்கும் ஒரு சொல். எண்ணை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டுகளில் ஒவ்வொரு முறையும் ஓடிய தூரம் குறிக்கப்பட்டிருக்கும்; அவற்றைக் கேளுங்கள். கைப்பிடி ரப்பர், பிரேக் பெடல், சீட்டின் தேய்மானம் ஆகியவை மீட்டரைவிட உண்மை பேசும். கார்களில் ஓடிய தூரம் வேறு மின்னணுப் பாகங்களிலும் பதிவாகியிருப்பதுண்டு. தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு ஸ்கேன் செய்து பாருங்கள். மறைக்கப்பட்ட குறை வெளிப்பட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமைக்கு ‘கியாருல் அய்ப்’ என்று ஃபிக்ஹில் பெயர். அதைக் கேட்பது சண்டை அன்று. மார்க்கம் தந்த உரிமை.

ஏற்கனவே இத்தகைய வண்டியை விற்றுவிட்டவர் என்ன செய்வது? அழுது துஆச் செய்தால் மட்டும் போதாது. இது அடியாரின் உரிமை. உரியவரிடம் சென்று உண்மையைச் சொல்லி, கூடுதலாகப் பெற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடினம்தான். மறுமையில் நன்மைகளைக் கொண்டு ஈடுகட்டுவது இதைவிடக் கடினம்.

அந்த இளைஞரிடம் அன்று நான் நீண்ட பயான் எதுவும் செய்யவில்லை. “வைலுல் லில் முதஃப்ஃபிஃபீன் ஸூராவை ஒரு தடவை ஓதிக் காட்டுப்பா” என்று மட்டும் சொன்னேன். கையில் ஸ்பேனரோடு நின்றபடியே தொடங்கினார். மூன்றாவது ஆயத்தில் குரல் தாழ்ந்தது. “சரி ஹஸ்ரத்” என்றார். வாட்டர் பேப்பரையும் பாலிஷையும் எங்கே வாங்க வேண்டும் என்று சொன்னதும் அவர்தான். அவருடைய ஒர்க்‌ஷாப்பில் அதன்பின் மற்ற வண்டிகளுக்கு என்ன நடக்கின்றது என்பது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே உள்ளது. நான் அறிந்தது ஒன்றே: அந்த ஸூராவை நான் இப்போது மக்தபில் நடத்தும்போது, தராசோடு நிறுத்துவதில்லை. பிள்ளைகளை வாசலுக்கு அழைத்து வந்து, என் வண்டியின் மீட்டரைக் காட்டுகின்றேன். அதில் இப்போது அறுபத்து மூவாயிரத்துச் சொச்சம் என்று தெளிவாகத் தெரிகின்றது. நார் எடுத்துத் தேய்த்த சிறுவனும் முன்வரிசையில் நிற்கின்றான். இப்போது அவன் கையில் ஈரத் துணி.

அளவையிலும் நிறுவையிலும், கேட்கப்படும்போதும் கேட்கப்படாதபோதும், உண்மையாளர்களாக வாழும் நல்லருளை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நம் வாகனங்களிலும் வியாபாரத்திலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.